எல்லாரும் இருக்காங்க

கேப்டன் வீட்டில் போன வாரம் ஒரு ராத்திரி டெலிபோன் மணி அடித்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் விழுந்த மௌனம் விடிந்தும் கலையவில்லை.

நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இந்தக் குடும்பத்துக்கு ஒரே பிழைப்பு, ஒரு டைவிங் படகு. முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் மீன் பார்க்க ஆசைப்படுகிறவர்களைக் காலையில் ஏற்றிப் போய், மதியத்துக்குள் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது. சுக்கான் பிடிப்பவர் கேப்டன். இன்ஜினும் சிலிண்டரில் காற்று அடைக்கும் கம்ப்ரஸரும் அவருடைய ஒரே மகன் பொறுப்பு. அவனைத் துறையில் எல்லாரும் மெக்கானிக் என்றே கூப்பிடுவார்கள், பெற்றவள் உட்பட. வந்தவர்களுக்குப் பாடம் சொல்லி, தண்ணீருக்குள் கூட்டிப் போவது மருமகள். வீட்டில் அவள் மருமகள். படகில் அவள் டீச்சர். கரையில் இருக்கும் சின்ன அலுவலகம், போன், துண்டு, டீ, வருகிறவர்களின் புகார் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவள் கேப்டனின் மனைவி. அவளுக்கு ஊர் வைத்த பெயர் கேப்டனம்மா. கேப்டனுக்கே கேப்டன் என்று அதற்கு அர்த்தம் சொல்பவர்களும் உண்டு.

போனை எடுத்தது அவள்தான். பேசியது அக்கரைக் கம்பெனி மேனேஜர். பெரிய பெரிய படகுகள் வைத்திருக்கும் கம்பெனி.

"டீச்சரம்மா எப்போ வந்து சேர்றாங்க? அவங்க வீட்டுக்காரரும் வர்றார் இல்லையா? ரெண்டு பேரும் சேர்ந்து வந்தாத்தான் வேலைன்னு பேசியிருக்கோம். ரூம்கூட ரெடி," என்றார் அவர்.

கேப்டனம்மா போனை வைத்துவிட்டு, சாப்பாட்டு மேஜைக்கு வந்து கேட்டாள். மருமகள் தட்டைப் பார்த்தாள். மகன் தட்டைப் பார்த்தான். இரண்டு பேர் வாயிலும் கொழுக்கட்டை. கேட்டதற்குப் பதில் இல்லையென்றால் கேப்டனம்மாவே பதில் எழுதிக்கொள்வாள், அதுதான் அவள் வழக்கம். என் பிள்ளையைக் கிளப்பிக்கொண்டு போகப் பார்க்கிறாள் என்று எழுதிக்கொண்டாள்.

"போறவங்க போகட்டும். இனிமே அவளுக்கும் எனக்கும் பேச்சு இல்லை," என்று சுவரிடம் சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள்.

மறுநாள் காலைதான் படகுக்குப் பரீட்சை.

எங்கோ ஒரு கடலில், படகின் கீழறையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் தீயில் மாட்டிக்கொண்டு, வெளியே வர வழி தெரியாமல் போய்ச் சேர்ந்தார்கள். அதிலிருந்து டைவிங் படகுகளுக்கெல்லாம் புது விதிகள் வந்திருந்தன. கீழறைக்கு இரண்டாவது வழி வேண்டும். பேட்டரிக்குக் கண்ணெதிரில்தான் சார்ஜ் போட வேண்டும். கேப்டனுக்குக் கண் பரிசோதனை வேண்டும். ஆட்களைக் கணக்கெடுப்பதற்கென்றே தனியாக ஒருவர் வேண்டும். இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பக்கத்துப் படகுக்காரர்கள் இரண்டு பேர் ‘விற்பனைக்கு’ என்று அட்டை மாட்டிவிட்டார்கள்.

கேப்டன் மாட்டவில்லை. முனகிக்கொண்டே ஒவ்வொன்றாகச் செய்தார். மெக்கானிக் கீழறையின் கூரையை அறுத்துப் புது வழி வைத்தான். அது சரியாக அவர் பகல் தூக்கம் போடும் பெஞ்சுக்கு மேலே வந்து தொலைத்தது.

"ஆபத்துன்னா ஓடறதுக்கு வழி வெச்சாங்க, சரி. உங்கம்மாகிட்டயிருந்து ஓடி ஒளியறதுக்கு எனக்கு இருந்த ஒரே இடம் போச்சு," என்றார் மகனிடம்.

கணக்கெடுக்கும் வேலை கேப்டனம்மாவுக்கு வந்தது. வெளி ஆட்களை மற்ற படகுகள் முந்திக்கொண்டுவிட்டன. "நான் எத்தனை தடவை இருமறேன்னு எண்றவ நீ. உன்னை விட்டா யாரு?" என்றார் கேப்டன்.

பரீட்சைக்கு வந்த அதிகாரிக்குத் துறையில் சேஃப்டி சார் என்று பெயர். ஒல்லியான மனிதர். மூக்குக்கண்ணாடி கடலில் விழாமலிருக்கக் கயிறு கட்டியிருந்தார். குரலை உயர்த்தவே தெரியாதவர்.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க," என்றார். "தலையை எண்ணாதீங்க, சிலிண்டரை எண்ணாதீங்க. கண்ணு ஏமாத்தும். ஒவ்வொருத்தரையா கூப்பிடணும், அவங்க வாயால பதில் வரணும். குரல் வந்தாத்தான் கணக்கு. நீங்க ‘எல்லாரும் இருக்காங்க’ன்னு சொன்னப்புறம்தான் கேப்டனே படகை நகர்த்தலாம்."

இந்தக் கடைசி விதி கேப்டனம்மாவுக்கு ரொம்பப் பிடித்தது. முப்பது வருஷமாகத் தன் வீட்டில் நடப்பதை இப்போதுதான் யாரோ சட்டமாக எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு ஆறு விருந்தாளிகள். எல்லார் பெயரும் நாக்கில் நிற்கவில்லை. ஆள் தெரிந்தால் போதும், எப்படி வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்றார் சேஃப்டி சார். அவள் கூப்பிட்டாள்.

"பேங்க் சார்?"

"இருக்கேன்."

"பேங்க் சார் தம்பி?"

"இருக்கேன்."

"புதுமாப்பிள்ளை?" "புதுப்பொண்ணு?" இரண்டும் ஒரே குரலில் பதில் சொல்லிச் சிரித்தன. "காமிரா?" "இருக்கேன்மா." "பல் டாக்டர்?" "இருக்கேன்."

ஏழாவது ஆள் மருமகள். கேப்டனம்மாவின் வாய் திறந்தது, மூடியது. கூப்பிட்டால் பேசினதாக ஆகிவிடும். பேசினால் தோற்றதாக ஆகிவிடும். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றபோது, பின்பக்கத்திலிருந்து யாரிடம் என்றில்லாமல் ஒரு குரல் வந்தது.

"டீச்சர் இருக்கேன்."

நல்ல பெண், கேட்காமலே கை கொடுத்தாள். கேப்டனம்மா அதை நல்லது என்று எடுத்துக்கொள்ளவில்லை. "எல்லாரும் இருக்காங்க," என்றாள். சேஃப்டி சார் திருப்தியாகத் தலையாட்டினார்.

கடலுக்கடியில் மீன் கூடும் பாறைக்குப் போகும் வழியில் மருமகள் வழக்கமான பாடத்தை நடத்தினாள். தோளில் எப்போதும் போடும் மஞ்சள் கோட்டு. காற்றுக்கு மறைப்பாக அவள் போட்டுக்கொள்வது. அந்த மஞ்சளைத் துறையில் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் அவள்தான் என்று தெரிந்துவிடும்.

"ஒருவேளை படகு உங்களை விட்டுட்டுப் போயிட்டா நீந்திப் பிடிக்கப் பார்க்காதீங்க," என்று ஒரு ஆரஞ்சு நிற ரப்பர் குழலைத் தூக்கிக் காட்டினாள். "இதை ஊதி நிமிர்த்திப் பிடிச்சுக்கிட்டு மல்லாந்து படுங்க. விசில் அடிங்க. நாங்க வருவோம்."

"அப்படி யாரையாவது விட்டுட்டுப் போயிருக்கீங்களா?" என்றான் காமிரா.

"எங்க மாமனார் படகா? ஒரு செருப்பைக்கூட விட்டுட்டு வந்ததில்லை," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு வந்ததை மறைக்கக் கேப்டனம்மா கடலைப் பார்த்தாள்.

பாறைக்கு மேலே நங்கூரம் போட்டார்கள். ஏழு பேரும் இறங்கினார்கள். கேப்டனம்மா தண்ணீரில் எழும் குமிழிகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி நேரத்துக்குள் ஒவ்வொரு தலையாக மேலே வந்தது. விருந்தாளிகள் ஏணியில் ஏறி, நனைந்த கோழிகள் மாதிரி நடுங்கிக்கொண்டு, பார்த்த ஆமையின் அளவை ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். மருமகள் கடைசியாக ஏறினாள். பல் டாக்டருக்குப் பல்லெல்லாம் தந்தியடிப்பதைப் பார்த்துவிட்டு, தன் மஞ்சள் கோட்டை எடுத்து அந்த அம்மாள் தோளில் போட்டாள்.

கேப்டனம்மா இதைப் பார்க்கவில்லை. மருமகள் ஏணியில் கால் வைத்ததுமே அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வானத்தில் அப்படி என்ன இருந்தது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

நங்கூரம் பாறையில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. அடிக்கடி நடப்பதுதான். மருமகள் இன்ஜின் அறையில் தலையை நீட்டி, "போய் எடுத்து விட்டுட்டு வர்றேன்," என்று கணவனிடம் சொல்லிவிட்டு மறுபடி தண்ணீரில் இறங்கினாள். ஏதோ சொல்கிறாள் என்பது கேப்டனம்மாவின் காதில் விழுந்தது. என்ன சொல்கிறாள் என்பது விழக் கூடாது என்று அவள் கவனமாக இருந்தாள்.

சற்று நேரத்தில் நங்கூரம் விடுபட்டது. மெக்கானிக் மேலே ஓடிவந்து அதை ஏற்றிவிட்டு மறுபடி கீழே போனான். முன்பென்றால் மனைவியின் கை ஏணியில் தெரியும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போவான். கேப்டனும் ஒருதரம் திரும்பிப் பார்ப்பார். இப்போது அதற்கென்று ஆள் வந்துவிட்டது. கணக்கெடுக்கிறவர் வாயிலிருந்து வருவதுதான் சட்டம் என்று மேலிடமே சொல்லிவிட்டது.

சேஃப்டி சார் புது வழியைச் சோதிக்கக் கீழறைக்குப் போயிருந்தார். அவருடைய தலையும் ஒரு கையும் கூரைக்கு மேலே வந்துவிட்டன. மற்றதெல்லாம் பின்னால் வந்துகொண்டிருந்தது.

கேப்டனம்மா கூப்பிட்டாள். பேங்க் சார் இருந்தார். தம்பி இருந்தான். மாப்பிள்ளை, பெண், காமிரா இருந்தார்கள். பல் டாக்டரின் "இருக்கேன்" பின்பக்கத்திலிருந்து, சிலிண்டர் அடுக்குக்கு அப்பாலிருந்து வந்தது.

அங்கே ஓரமாக மஞ்சள் கோட்டு உட்கார்ந்திருந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு.

கேப்டனம்மா காத்திருந்தாள். காலையில் தானாக வந்த குரல் இப்போதும் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. ஓஹோ, இப்போது உனக்கும் ரோஷம் வந்துவிட்டதா என்று நினைத்தாள். உனக்கே அவ்வளவு இருந்தால் எனக்கு எவ்வளவு இருக்கும்.

"எல்லாரும் இருக்காங்க," என்றாள்.

இன்ஜின் உறுமியது. படகு திரும்பியது.

கேப்டன் நல்ல மனநிலையில் இருந்தார். "பாஸ்தான்னு தோணுது," என்று மனைவியிடம் கிசுகிசுத்தார். சேஃப்டி சார் முழு உடம்போடு மேலே வந்து, தீயணைக்கும் கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கரையின் விளக்குக் கம்பம் கண்ணில் பட ஆரம்பித்தது.

கேப்டனம்மா ஃபிளாஸ்க்கைத் திறந்து எல்லாருக்கும் டீ ஊற்றினாள். ஊற்ற ஊற்ற மனசும் கொஞ்சம் இளகியது. பரீட்சை முடிந்தது, படகு பிழைத்தது. அந்தப் பெண் இல்லாமல் அது நடந்திருக்காது. என்ன இருந்தாலும் குளிரில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். பேச வேண்டாம், டீயைப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தால் பேசினதாக ஆகாது.

இரண்டு சர்க்கரை போட்டாள். அவள் மருமகளுக்கு இரண்டு. மெல்லப் பின்பக்கம் போய், மஞ்சள் கோட்டின் பக்கத்தில் கோப்பையை நீட்டினாள்.

கோட்டு திரும்பியது.

"ரொம்ப தேங்க்ஸ்மா," என்றாள் பல் டாக்டர்.

கேப்டனம்மா அந்த முகத்தையே பார்த்தாள். வேறு முகம் அதற்குள்ளிருந்து வரும் என்பது போலப் பார்த்தாள்.

"இந்தக் கோட்டு..."

"டீச்சர் குடுத்தாங்க. குளிருதேன்னு." பல் டாக்டர் சுற்றிலும் பார்த்தாள். "அவங்க கீழே இருக்காங்களா?"

டீ முழுவதும் கேப்டனம்மாவின் கையில் கொட்டியது. அது சுட்டதா என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது. கீழறைக்கு ஓடினாள். இல்லை. கழிவறைக் கதவைத் தள்ளினாள். இல்லை. இன்ஜின் அறைக் குழிக்கு மேலே போய் நின்றாள். மகன் நிமிர்ந்து பார்த்தான். காலையிலிருந்து எத்தனையோ பேரைக் கூப்பிட்ட வாய், ஒன்றும் பண்ணமுடியாமல் திறந்து திறந்து மூடியது.

"என்னம்மா?"

"அவ... அவ இங்க இருக்காளா?"

மெக்கானிக்கின் கையிலிருந்த ஸ்பானர் நழுவிக் கீழே விழுந்தது.

"அவ நங்கூரத்துக்கு இறங்கினா," என்றான். "நீ கூப்பிட்டுப் பார்த்தியேம்மா. எல்லாரும் இருக்காங்கன்னு சொன்னியே."

கேப்டன் சுக்கானைத் திருப்பிய வேகத்தில் பேங்க் சார் உட்கார்ந்த இடத்திலிருந்து உருண்டார். சேஃப்டி சார் ரேடியோவில் கரைக்குத் தகவல் சொன்னார்.

"நீரோட்டம் மாறியிருக்கும்," என்றார் கேப்டன், யாரையும் பார்க்காமல். "விட்ட இடத்துல இருக்க மாட்டா. கப்பல் போற பாதைப் பக்கம் இழுத்திருக்கும். நீ மேல ஏறு. ஏறிப் பாரு."

கேப்டனம்மா படகின் கூரைமேல் ஏறினாள். மூட்டு வலி என்று மாடிப்படி ஏறாதவள், எப்படி ஏறினாள் என்று யாருக்கும் தெரியாது. மேலேயிருந்து பார்த்தால் எல்லாப் பக்கமும் தண்ணீர். வெயில் பட்டு ஒவ்வொரு அலையும் ஒரு தலை மாதிரி எழுந்து, இல்லை என்று அமிழ்ந்தது. தொலைவில் சரக்குக் கப்பல் ஒன்று, யாரைப் பற்றியும் கவலையில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

பாறை இருந்த இடத்துக்கு வந்தார்கள். அங்கே யாரும் இல்லை.

ஒரே ஒரு வார்த்தை. காமிராவைக் கூப்பிட முடிந்தது. பேங்க் சாரின் தம்பியைக் கூப்பிட முடிந்தது. முன்பின் பார்த்திராத ஆறு பேரை வாய் நிறையக் கூப்பிட்டாள். தன் வீட்டில், தன் கையால் போட்ட சாப்பாட்டைச் சாப்பிடுகிற ஒருத்தியைக் கூப்பிடத்தான் வாய் வலித்தது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் பதில் வந்திருக்காது. பதில் வராத அந்த நிமிஷமே தெரிந்திருக்கும். அவள் ஏணியை எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருந்திருப்பாள்.

"தங்கம்," என்று கத்தினாள். நேற்று ராத்திரிவரை அவளை அப்படித்தான் கூப்பிடுவாள். "தங்கம்! தங்கம்!"

கடலில் கத்தினால் எதிரொலிகூட வராது. கத்திய கையோடு காற்று கொண்டுபோய்விடும். அவள் தொண்டை கிழியும்வரை கூப்பிட்டாள். கீழே விருந்தாளிகள் ஆறு பேரும் படகின் இரண்டு ஓரத்திலும் நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். புதுப்பொண்ணு அழுதுகொண்டிருந்தாள்.

கேப்டன் நீரோட்டத்தோடு படகை மெல்ல விட்டார்.

முதலில் விசில் சத்தம் கேட்டது. பிரமையோ என்று நினைத்தாள். அப்புறம், கப்பல் பாதையைக் காட்டும் மிதவைக்கு இந்தப் பக்கம், தண்ணீரில் செங்குத்தாக நின்ற ஆரஞ்சுக் குழல் தெரிந்தது.

"அதோ," என்றாள். சத்தம் வரவில்லை. கூரையைக் காலால் உதைத்து உதைத்துக் காட்டினாள்.

படகு நிற்பதற்கு முன்பே மெக்கானிக் குதித்துவிட்டான். மருமகள் பாடத்தில் சொன்ன மாதிரியே மல்லாந்து படுத்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. ஏணியில் ஏறியதும் கால் மடங்கி அப்படியே உட்கார்ந்தாள். கணவன் அவள் பாதங்களைத் தன் இரண்டு கைகளிலும் வைத்துத் தேய்த்தான்.

கேப்டனம்மா கூரையிலிருந்து இறங்கி எதிரில் வந்து நின்றாள். என்ன சொல்வது? எந்த வாயை வைத்துக்கொண்டு சொல்வது?

முதலில் பேசியது மருமகள்தான்.

"எண்ணுங்க அத்தை," என்றாள், பல் கிடுகிடுக்க. "அவர் தண்ணியில குதிச்சாரு. மறுபடி எல்லாரையும் கூப்பிட்டுப் பார்க்காம படகை எடுக்கக் கூடாது."

கேப்டனம்மா கூப்பிட்டாள். ஒவ்வொரு பதிலுக்கும் சொன்னவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்ததைக் கூப்பிட்டாள். கடைசியாக, "டீச்சர்?" என்றாள்.

"இருக்கேன்."

துறையில் விருந்தாளிகள் இறங்கினார்கள். பல் டாக்டர் மஞ்சள் கோட்டைக் கழற்றி, மடித்து, மன்னிப்புக் கேட்பது போல வைத்துவிட்டுப் போனாள். மருமகளுக்கு ஒன்றுமில்லை, உடம்புச் சூடு ஏறினால் போதும் என்று கரையிலிருந்து வந்த டாக்டர் சொன்னார். சேஃப்டி சார் நால்வரையும் கீழறைக்குக் கூப்பிட்டார்.

படியில் இறங்கும்போது கேப்டன் மனைவியின் காதருகே குனிந்தார். "கூப்பிட்டேன்னு சொல்லு. இல்லேன்னா படகு போயிடும். புரியுதா?"

சேஃப்டி சார் மருமகளைத்தான் முதலில் கேட்டார்.

"பாறையை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி உங்களைக் கூப்பிட்டாங்களா?"

மருமகள் மாமியாரைப் பார்த்தாள். ஒரு நொடிதான்.

"கூப்பிட்டாங்க சார். நானும் இருக்கேன்னு சொன்னேன். அப்புறம் என் கத்தி கீழ விழுந்துடுச்சு. யாருகிட்டயும் சொல்லாம எடுக்க இறங்கினேன். தப்பு என்னோடது."

கேப்டனம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கத்தி எங்கேயும் விழவில்லை. அது மருமகளின் கெண்டைக்காலில், அதன் உறையிலேயே இருந்தது. அவள் துண்டை இழுத்து அதை மூடுவதைக் கேப்டனம்மா பார்த்தாள். கேப்டன் மூச்சை விட்டார். மெக்கானிக் தரையைப் பார்த்தான்.

"சொல்லாம இறங்கினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும்," என்றார் சேஃப்டி சார் வருத்தத்தோடு. "உங்க டைவிங் கார்டை நான் வாங்கிக்கணும். இனி நீங்க யாரையும் தண்ணிக்குள்ள கூட்டிட்டுப் போக முடியாது. எந்தப் படகுலயும்."

மருமகள் தயங்கவே இல்லை. பையைத் திறந்து கார்டை எடுத்து நீட்டினாள். அதை வாங்குவதற்கு அவள் பட்ட பாடு கேப்டனம்மாவுக்குத் தெரியும். எத்தனை குளிர்காலக் காலைகளில் விடியுமுன் எழுந்து நீந்தப் போனவள்.

கார்டு அவருடைய சட்டைப் பைக்குள் பாதி போயிருந்தது.

"அவ கார்டைக் குடுத்துடுங்க சார்," என்றாள் கேப்டனம்மா. "நான் கூப்பிடலை."

"நீ சும்மா இரு," என்றார் கேப்டன்.

"நேத்து ராத்திரியிலேர்ந்து நான் அவகூடப் பேசலை சார். கூப்பிட்டா பேசின மாதிரி ஆயிடும்னு கூப்பிடலை. மஞ்சக் கோட்டைப் பார்த்தேன், அது அவதான்னு நினைச்சேன். எல்லாரும் இருக்காங்கன்னு சொல்லிட்டேன்." மூச்சு வாங்கியது. "அவ காலைப் பாருங்க. கத்தி அங்கேயே இருக்கு."

சேஃப்டி சார் கண்ணாடியைக் கழற்றினார். அது கயிற்றில் தொங்கியது.

"தீக்கு விதி எழுதினோம், புயலுக்கு எழுதினோம்," என்றார் மெதுவாக. "வீட்டுல பேச்சு நின்னுபோனா என்ன பண்றதுன்னு எங்களுக்குத் தோணலையேம்மா."

கார்டை மருமகளிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு மேலே போய்ப் படகின் சாவியைக் கழற்றிக்கொண்டு, சுக்கானில் சிவப்பு நாடாவைக் கட்டி அரக்கு வைத்தார். முடிவு வரும்வரை படகு துறையிலேயே கிடக்க வேண்டும் என்றார். எப்போது வரும் என்று கேப்டன் கேட்கவில்லை. அவர் மகன் அறுத்து வைத்த புது வழிக்குக் கீழே, தன் பழைய பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

என்ன நடந்தாலும் கடலுக்குள் போய்வந்த சாமான்களை நல்ல தண்ணீரில் அலசியாக வேண்டும், இல்லையென்றால் உப்பு தின்றுவிடும். துறையில் இருந்த பெரிய தொட்டியின் ஒரு பக்கம் மருமகள் உட்கார்ந்தாள். மறுபக்கம் கேப்டனம்மா உட்கார்ந்தாள். பத்தடி தள்ளி மெக்கானிக் படகின் கயிற்றை முளையில் கட்டிக்கொண்டிருந்தான்.

"என்னை மன்னிச்சுடு," என்றாள் கேப்டனம்மா.

மருமகள் ஒரு முகமூடியை முக்கி எடுத்தாள்.

"எதுக்குப் பொய் சொன்னே தங்கம்? கார்டு போனா அக்கரை வேலையும் போயிடுமே. அதுக்குத்தானே நீ..."

"போகட்டும்னுதான் குடுத்தேன்." முதல் தடவையாக அவள் குரலில் கோபம் வந்தது. "கார்டு இல்லாத டீச்சரை அவங்க எடுக்க மாட்டாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து வந்தாத்தான் வேலைன்னு போன்ல உங்ககிட்டயே சொன்னாங்க இல்ல? நான் இல்லைன்னா அவருக்கும் இல்லை. படகு பிழைச்சிருக்கும், பாடம் சொல்ல வேற ஆளை வெச்சுக்கலாம். நாம நாலு பேரும் இங்கயே இருந்திருப்போம். நீங்க உண்மையைச் சொல்லி எல்லாத்தையும் கெடுத்துட்டீங்க அத்தை."

கேப்டனம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் புரிய ஆரம்பித்தது. புரியாமலே இருந்தால் தேவலை என்று தோன்றியது.

"அப்போ அந்த வேலை... நீ கேட்கலையா?"

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். முகமூடியைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டாள்.

"நான் ஒரு தடவைகூட அந்தக் கம்பெனிக்குப் பேசினதில்லை அத்தை. என் பேரையும் சேர்த்துக் கேட்டதே உங்க பையன்தான். புது விதியெல்லாம் பார்த்துட்டு, இந்தப் படகு இனிமே ஓடாதுன்னு முடிவு பண்ணிட்டாரு. நேத்து நீங்க கேட்டப்போ அவரே சொல்வாருன்னு காத்திருந்தேன்."

கேப்டனம்மாவின் கைகள் தொட்டித் தண்ணீருக்குள் அப்படியே நின்றன. நேற்று ராத்திரி சாப்பாட்டு மேஜை கண்ணில் வந்தது. இரண்டு தட்டு, இரண்டு குனிந்த தலை. அவள் ஒன்றைத்தான் பார்த்தாள். பேசுவதை நிறுத்திக்கொண்டதும் அந்த ஒருத்தியிடம்தான்.

அவள் எழுந்து திரும்பினாள். மெக்கானிக் கட்டி முடித்த கயிற்றை அவிழ்த்து, மறுபடி கட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு எல்லாம் கேட்டிருக்கும். பத்தடிதான்.

காலையில் கூப்பிட்ட அதே குரலில், தெளிவாக, அவள் கூப்பிட்டாள்.

"மெக்கானிக்?"

கயிறு நின்றது. அவன் நிமிரவில்லை. கேப்டனம்மா காத்திருந்தாள். குரல் வந்தால்தான் கணக்கு.

பதில் வரவில்லை.